வியாழக்கிழமைக் கலங்கள்

மூன்று வருடம் நான் ஒரு மனிதனின் தோல்விக்காகக் காத்திருந்தேன். ஐந்து வேளை தொழுகிறவள் இதைச் சொல்லக் கூசத்தான் வேண்டும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் முறை.

நிலக்கரிச் சுரங்க ஊரான கரகண்டாவில், எங்கள் ஆய்வுக்கூடத்தின் மொட்டைமாடியில் என் வேலை. தெற்கே சாய்த்து வைத்த நான்கு வரிசைப் பலகைகள், அவற்றில் வெற்றிலை அகலத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய படலம். கரிமச் சூரிய மின்கலம் என்று பெயர். சிலிக்கான் தகடு மாதிரி கனமாக இருக்காது. மை மாதிரி பூசலாம், துணி மாதிரி சுருட்டலாம், விலையும் குறைவு. ஒரே ஒரு குறை. எந்த வெயிலில் வாழ வேண்டுமோ அந்த வெயிலிலேயே செத்துப் போகும்.

புதிதாக இருந்தபோது கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் கீழே இறங்கினால் அந்தக் கலம் செத்ததாக அர்த்தம். எண்களைக் கணினி தானே எழுதிக்கொள்ளும். கண்ணாடிமேல் படிகிற நிலக்கரித் தூசியைத் துடைக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இரண்டு பட்டம் வாங்கிய வேதியியல்காரி.

என்னை வேலையிலிருந்து விலக்கவில்லை, மாடிக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் நுர்பெய்ஸ் அகாய், எங்கள் ஆய்வகத் தலைவர். அகாய் என்றால் அண்ணன். அவருக்குக் கீழே ஆறு வருடம் வேலை பார்த்தேன். கலத்தின் அடியில் துத்தநாக ஆக்சைடு பூசுவோம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அந்த ஆக்சைடே மேலே இருக்கும் படலத்தை அரிக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பூச்சு போட்டுப் பார்த்தவளும் நான். என் கலங்களில் சில, முழுக் கோடையும் தாண்டி எண்பதுக்கு மேலே நின்றன. சில மூன்றே வாரத்தில் செத்தன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டதாம். "பொழைச்சதை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதியிருக்கா. செத்ததை எங்கேயோ மறைச்சிட்டா" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். "இந்த நோட்டுல இருக்கிறதை நம்ப முடியாது" என்று என் குறிப்பேட்டை மேசைமேல் போட்டார். அது நீலத்துணி அட்டை போட்ட புத்தகம். அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. அதிலிருந்த எண்களை மட்டும் வீட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அதே தடுப்புப் பூச்சு அவர் பெயரில் அறிக்கையாக வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், மின்சாரம் பழுதுபார்த்தவருக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அவருடைய கலங்களை நான்தான் துடைத்தேன். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, கீறல் விழாமல் துடைத்தேன். அவை சாகும்போது யாரும் என் துணியைக் குறை சொல்லக் கூடாது அல்லவா?

இந்த வருடம் ஏப்ரலில் நான்கு வரிசைகள் மாடிக்கு வந்தன. அக்டோபரில் தலைநகரிலிருந்து குழு வந்து பார்க்கும். அதுவரை எண்பதுக்கு மேலே நின்றால் அவருக்குப் பெரிய திட்டம், புதுக் கட்டடம், கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கு அவர்தான் ராஜா. செத்தால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள்.

மே மாதக் கடைசியில் முதல் மூன்று வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எண்பத்தி நாலு, எண்பத்தி ஒன்று, எழுபத்தி ஒன்பது. மூன்றும் எண்பதுக்குக் கீழே போன காலை, தேநீரில் எனக்கு வழக்கத்தைவிட ஒரு கரண்டி பால் அதிகமாக ஊற்றிக்கொண்டேன். நான்காவது வரிசை மட்டும் தொண்ணூற்றி நாலில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதுதான் கண்ணை உறுத்தியது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் லூபா அபாய் மாடிக்கு வந்தார். அபாய் என்றால் அக்கா. கலங்களுக்கு மேல்கண்ணாடி ஒட்டி ஓரத்தை அடைப்பது அவர் வேலை. கொரிய வம்சம். இந்த ஊரிலேயே பிறந்தவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். வரும்போதெல்லாம் ஒரு டப்பாவில் காரமான கேரட் ஊறுகாய் கொண்டு வருவார்.

"சாப்பிடு. மாடியில காஞ்சு கருவாடா போயிட்ட" என்றார்.

"அபாய், நாலாவது வரிசை செஞ்ச அன்னைக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

"என்ன வித்தியாசம்? அதே மை, அதே பூச்சு. ஆங், அன்னைக்கு உலோகம் பூசுற மெஷின்ல வெள்ளி உருக்குற தட்டு உடைஞ்சு போச்சு. புதுத் தட்டு மறுநாள்தான் வந்துச்சு. படலத்தையெல்லாம் வெற்றிட அறையிலயே ராத்திரி முழுக்க விட்டு வெச்சோம். உங்க தலைவர் ஆடின ஆட்டம் இருக்கே! ஏதோ நான்தான் தட்டைக் கடிச்சுத் தின்ன மாதிரி."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் மையில் ஒரு சொட்டு அயோடின் கலந்த எண்ணெய் சேர்ப்போம். படலம் சரியான பதத்தில் உறைவதற்கு அது வேண்டும். உறைந்தபிறகு அது வெளியே போய்விட வேண்டும். சூடான தட்டில் வைத்தால் போய்விடும் என்று நம்பியிருந்தோம். போகவில்லை என்றால்? உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டால்? வெயில் பட்டதும் அது உடைந்து, உள்ளிருந்தே படலத்தைத் தின்னும். காற்றே இல்லாத இரும்பு அறையில் ஒரு இரவு கிடந்தால்தான் அது முழுக்க வெளியேறும்.

வீட்டுக்குப் போய்ப் பிரதியை எடுத்தேன். நீண்ட நாள் வாழ்ந்த என் கலங்களின் தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிட்டேன். எல்லாமே வியாழக்கிழமை.

அதற்குமேல் பார்க்கத் தேவையே இல்லை. என் அப்பா இறந்ததிலிருந்து வியாழன்தோறும் அவர் பெயரில் எண்ணெயில் ஏழு ஷெல்பெக் ரொட்டி சுட்டு, ஓதி, அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பேன். பொழுது சாய்வதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆய்வகத்திலிருந்து ஆறு மணிக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, படலம் பூசிய அன்றே உலோகமும் பூசிவிட வேண்டும். இரண்டும் சட்டம். நான் நாலு மணிக்கு நழுவிவிடுவேன். படலத்தை வெற்றிட அறையில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலை யாரும் வருமுன் வந்து உலோகம் பூசுவேன். ஆனால் குறிப்பேட்டில், உலோகம் பூசியது வியாழன் மாலை ஐந்து மணி என்று எழுதுவேன். லூபா அபாய்க்கு மட்டும் தெரியும். அவர் வெளியே சொன்னதில்லை.

அப்பாவுக்காகச் சுட்ட ரொட்டிதான் என் கலங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்திருந்தால் நான் நல்லவள். நான் செய்தது வேறு. அந்த ரகசியத்தைக் கையில் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டேன். நுர்பெய்ஸ் என் பூச்சைத் திருடினார், ஆனால் இதைத் திருட முடியாது. இது புத்தகத்திலேயே இல்லை. சாகட்டும் கலங்கள். குழு வரட்டும். அத்தனை பேர் முன்னால் அவர் முழிக்கட்டும், நான் முழித்ததுபோல.

தொழுது முடித்துக் கையேந்தும்போது மட்டும் தடைப்பட்டது. வேண்டியவர்கள் பெயரையெல்லாம் சொல்லி வந்து, முன்பு அவர் பெயரைச் சொல்லும் இடத்தில் வாய் நின்றுவிடும். கெடுதல் கேட்கவும் துணிவில்லை, நல்லது கேட்கவும் மனமில்லை. அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு லூபா அபாய் மறுபடி மாடிக்கு வந்தார். கையில் டப்பா இல்லை. ஒரு தாள் இருந்தது.

"உங்க தலைவர் விளக்கக் கடிதம் கேட்டிருக்கார்" என்றார். "நான் ஓரம் அடைச்சது சரியில்லையாம். ஈரம் உள்ள போயிருச்சாம். அதான் மூணு வரிசையும் செத்துச்சாம். அவரே டைப் அடிச்சுக் கொடுத்திட்டார், நான் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டீங்களா?"

"போட்டேன். இது அதோட நகல்." தாளை மடித்தார். "பொய்யாவும் இருக்காது தொர்கின். எனக்கும் வயசாச்சு. கை நடுங்கியிருக்கும்."

"உங்க கை நடுங்கினதே இல்ல."

"நீ பார்த்தியா? நீதான் மேல இருந்தியே." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். "உன்னை அனுப்பின அன்னைக்கு நான் வாயத் திறக்கல. திறந்தா நீ நாலு மணிக்குப் போறது தெரிஞ்சிடும், அது இன்னும் மோசமாயிடும்னு நினைச்சேன். சரியா தப்பான்னு இன்னும் தெரியல. எனக்காக யாராவது பேசுவாங்கன்னு எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்யதை?"

அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் படியிறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு செத்த கலம் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் லூபா அபாய் ஒரு கடுகளவு கால்சியம் வைப்பார். ஈரம் துளி நுழைந்தாலும் அது வெளுத்துக் கரைந்து மறைந்துவிடும். எல்லா மூலையிலும் பொட்டு புதுக் காசு மாதிரி பளபளத்தது.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, சந்தோஷத்தில். லூபா அபாயையும் காப்பாற்றலாம், நுர்பெய்ஸையும் அழிக்கலாம். பொட்டைக் காட்டினால் போதும். வெற்றிட அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாவமில்லாத பழி! அப்படி ஒன்று உண்டு என்று அந்த இரண்டு நாளும் நம்பினேன்.

குழுவில் நான்கு பேர். தலைவி குட்டை முடி வைத்த, ஐம்பது தாண்டிய பெண். மேசையில் பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளையும் உலர்ந்த திராட்சையையும் பரப்பியிருந்தார்கள். அவர் எதையும் தொடவில்லை. நுர்பெய்ஸ் திரையில் வரைபடம் காட்டினார். நெற்றியில் வேர்வை. மூன்று கோடுகள் கீழே விழுந்தன, ஒன்று நேராகப் போனது. லூபா அபாய் கதவோரம் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாலாவது வரிசை காட்டுற நிலைத்தன்மைதான் உண்மையானது" என்றார் நுர்பெய்ஸ். "மத்த மூணும் ஓரம் அடைக்கிறதுல நடந்த கவனக்குறைவு. பொறுப்பான ஊழியரோட விளக்கக் கடிதம் இதோ."

நான் எழுந்தேன். "அளவு எடுத்தவ நான்தான். ஒண்ணு சொல்லலாமா?"

"மாடி வேலைக்காரங்க பேச இது நேரமில்ல, தங்கச்சி" என்றார் அவர்.

"பேசட்டும்" என்றார் தலைவி.

செத்த கலங்களை ஒவ்வொன்றாகத் தலைவி முன் அடுக்கினேன். மூலையைக் காட்டினேன். "ஈரம் போயிருந்தா இந்தப் பொட்டு இருக்காது. பன்னிரண்டு கலம், பன்னிரண்டு பொட்டு. எல்லாம் அப்படியே இருக்கு. லூபா அபாய் மேல தப்பில்ல."

தலைவி கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கக் கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, நுர்பெய்ஸ் பக்கம் தள்ளினார்.

"அப்போ ஏன் செத்துச்சு?" என்று அவரைத்தான் கேட்டார்.

அவர் வாய் திறந்து மூடியது. மூன்று வருடம் நான் கனவு கண்ட முகம் அதுதான். எனக்குப் போதவில்லை.

"அவர் எப்படிச் சொல்வார்?" என்றேன். "இந்தத் தடுப்புப் பூச்சு அவர் கண்டுபிடிச்சதா இருந்தாத்தானே தெரியும்? நம்பவே முடியாதுன்னு சொன்ன என் நோட்டைப் பார்த்துத்தானே செஞ்சீங்க? இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஆமாம், பார்த்துத்தான் செஞ்சேன்!" என்று கத்தினார். பயமும் கோபமும் சேர்ந்த குரல். "நீ எழுதியிருந்த மாதிரியேதான் செஞ்சேன். எத்தனை சொட்டு, எத்தனை சூடு, எந்த நிமிஷம்னு ஒரு வரி மாத்தல. வியாழன் பூசினா வியாழனே உலோகம், அஞ்சு மணி. எத்தனை தடவை செஞ்சு பார்த்தேன் தெரியுமா? நாலு வருஷமா அந்தப் புத்தகத்தைத்தான் படிச்சிட்டு இருக்கேன்!"

குழுவில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று நுர்பெய்ஸுக்கு மெல்லத்தான் உறைத்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் வாயாலேயே, குழுவின் முன்னால், தேநீர் ஆறுவதற்குள். உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் முழங்காலை மடக்கினேன்.

ஆனால் அந்த ஐந்து மணி என் காதிலேயே நின்றது. என்னைப் பொய்க்காரி என்று ஊருக்குச் சொன்ன மனிதர், நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் வேதவாக்காக நம்பியிருக்கிறார். அதில் ஒரு சொல் உண்மையிலேயே பொய். அது அவர் எழுதியதல்ல, என் கையெழுத்து. என் கலங்கள் பிழைத்ததற்குக் காரணம் எதுவோ அதைத்தான் மறைத்து எழுதியிருந்தேன். வருடக்கணக்காக அந்தப் பொய்யைச் செய்து பார்த்துச் செய்து பார்த்து அவருடைய கலங்கள் செத்திருக்கின்றன. அவருடைய திருட்டுக்கு அவர் பதில் சொல்வார். இதற்கு?

"உலோகம் வியாழன் பூசல" என்றேன்.

"என்னது?" என்றார் தலைவி.

"நோட்டுல எழுதினது பொய். வியாழன் நாலு மணிக்கு நான் வீட்டுக்குப் போயிடுவேன், அப்பா பேர்ல ரொட்டி சுட. படலம் ராத்திரி முழுக்க வெற்றிடத்துல கிடக்கும். மறுநாள் காலையிலதான் உலோகம். நேரத்துக்கு முன்னாடி போனது தெரியக்கூடாதுன்னு அஞ்சு மணின்னு எழுதினேன். மையில சேர்க்கிற எண்ணெய் அந்த ராத்திரிலதான் வெளியே போகுது. நாலாவது வரிசை பொழைச்சதுக்கும் அதுதான் காரணம். அன்னைக்குத் தட்டு உடைஞ்சது. ஆகஸ்ட்லயே எனக்கு இது தெரியும். சொல்லல."

லூபா அபாய் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி என்னையே பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"அவர் கெட்டுப் போகணும்னு."

ஒருவரும் திட்டவில்லை. அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாலையில் முடிவு வந்தது. திட்டத்துக்கு ஆறு மாத அவகாசம், ஒவ்வொரு படலமும் ஓர் இரவு வெற்றிடத்தில் இருக்க வேண்டும், ஏப்ரலில் மறுபடி பார்ப்பார்கள். நுர்பெய்ஸ் தலைவர் பதவியிலிருந்து இறங்க வேண்டும், பூச்சு யாருடையது என்று எழுத்தில் திருத்த வேண்டும். எனக்குப் பொய்க் குறிப்பு எழுதியதற்குக் கண்டனக் கடிதம். கீழே ஆய்வகத்துக்குத் திரும்பிப் போகலாம், ஆனால் ஒரு வருடம் என் குறிப்பேட்டில் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். லூபா அபாய், "நான் போடுறேன். அடைக்கிறதுல கை நடுங்காதுன்னு இவளே சாட்சி சொல்லியிருக்கா, கையெழுத்துலயா நடுங்கப் போகுது?" என்றார்.

பலகைகளை இறக்க மாடிக்குப் போனேன். முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. பின்னாலேயே படியில் காலடிச் சத்தம். நுர்பெய்ஸ். தொப்பி இல்லாமல் வந்திருந்தார். ஜெயித்தவளைத் திட்டத்தான் வருகிறார் என்று எண்ணி அதற்கும் பதில் தயார் செய்தேன். வஞ்சம் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை.

பலகை ஓரத்தில் படிந்த பனியைக் கையால் தள்ளிவிட்டார்.

"நாலு மணிக்குப் போகணும்னு என்கிட்ட கேட்டிருந்தா, நோட்டுல சரியா எழுதியிருப்ப" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

ஆமாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் முகத்தில் துப்பலாம் போலிருந்தது. அவர் பனி விழுகிற திசையையே பார்த்தார்.

"மாட்டேன்" என்றார். "எல்லார் முன்னாடியும் உன்னைக் கேலிதான் பண்ணியிருப்பேன்."

இத்தனை வருடத்தில் அந்த மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் உண்மை அது. சின்னதுதான், ஆனாலும் முழுசாக இருந்தது. மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, மன்னித்தேன் என்று நானும் சொல்லவில்லை. பலகையின் ஒரு முனையை நான் தூக்கினேன். கண்ணாடி உரசாமல் இறக்க இரண்டு பேர் வேண்டும்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். "மெதுவா. நாலாவது வரிசை இன்னும் உயிரோட இருக்கு."